குரல் போனால் திரும்ப வருமா? குரல் நாண் முடக்கமும் ஊசி வழி சிகிச்சையும்

தைராய்டு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. கழுத்துல இருந்த கட்டி போச்சு, தையலும் ஆறிடுச்சு. ஆனா வீட்டுக்கு வந்த அம்மா வாயைத் திறந்தா வெறும் காத்துதான் வருது. போன்ல பேசினா அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்குக் கேட்கவே மாட்டேங்குது. தண்ணி குடிச்சா புரையேறுது. "கொஞ்ச நாள்ல சரியாயிடும்"னு சொல்லிச் சொல்லியே மூணு மாசம் ஓடிடுச்சு.

ஈப்போவிலோ சுங்கை சிப்புட்டிலோ சொந்தக்காரர் வீட்டில் இப்படி ஒரு கதையை நீங்கள் கேட்டிருக்கலாம். இதற்கு மருத்துவப் பெயர் உண்டு: குரல் நாண் முடக்கம். ஆங்கிலத்தில் வோக்கல் கார்ட் பராலிசிஸ். நிறைய பேருக்குத் தெரியாத விஷயம், இதற்குச் சிகிச்சை இருக்கிறது. அதுவும் பல நேரங்களில் கழுத்தைப் பெரிதாக அறுக்காமலேயே, சில நேரங்களில் முழு மயக்கமே கொடுக்காமல், நாற்காலியில் உட்கார வைத்தே செய்துவிடலாம்.

முதலில், குரல் எப்படி வருது?

ஆண்களுக்குக் கழுத்தின் முன்பக்கம் புடைத்துத் தெரியும் எலும்பு மாதிரியான பகுதிதான் குரல்வளை. உண்மையில் அது எலும்பு இல்லை, குருத்தெலும்பு. அதற்குள்ளே இடமும் வலமுமாக இரண்டு சதை மடிப்புகள் இருக்கின்றன. அவைதான் குரல் நாண்கள். 'நாண்' என்றதும் வீணைத் தந்தி மாதிரி ஏதோ கட்டியிருப்பதாக நினைக்க வேண்டாம். மேலிருந்து கேமராவில் பார்த்தால், ஆங்கில 'வி' எழுத்தைத் தலைகீழாக வைத்த மாதிரி, வெள்ளையாக இரண்டு பட்டைகள் தெரியும்.

மூச்சு விடும்போது இரண்டும் விலகும். பேசும்போது இரண்டும் நடுவில் வந்து சேரும். நுரையீரலிலிருந்து வரும் காற்று அந்த இடுக்கு வழியாகப் போகும்போது அவை அதிரும். ஆண் குரலில் விநாடிக்குச் சுமார் 120 முறை, பெண் குரலில் சுமார் 200 முறை. அந்த அதிர்வுதான் குரல். நாக்கும் உதடும் பல்லும் அதைப் பிறகுதான் 'க' என்றும் 'ப' என்றும் செதுக்குகின்றன.

குரல் நாணுக்கு இன்னொரு வேலையும் உண்டு. விழுங்கும்போது அவை இறுக்கமாக மூடிக்கொள்ளும். இல்லாவிட்டால் தே தாரிக் நுரையீரலுக்குள் போய்விடும். இருமுவதற்கும் அவை மூடித்தான் ஆக வேண்டும். மூடி, உள்ளே அழுத்தத்தைச் சேர்த்து, சட்டென்று திறந்தால்தான் சளி வெளியே வரும்.

இப்போது ஒரு பக்க நாண் அசையாமல் நின்றுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பக்கம் நடுவுக்கு வருகிறது. முடங்கிய பக்கம் வரவில்லை. நடுவில் இடைவெளி. காற்று அதிர வைக்காமல் அப்படியே கசிந்து வெளியேறும். அதனால்தான் கிசுகிசு குரல், நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு, பலமில்லாத இருமல், தண்ணீர் குடித்தால் புரையேறுதல். கஞ்சியோ சோறோ இறங்கிவிடும். தண்ணீர்தான் தகராறு செய்யும். ஏனென்றால் அது வேகமாக ஓடும்.

சுற்றி வரும் நரம்பு

குரல் நாணை அசைக்கும் நரம்பு மூளையிலிருந்து நேராகக் குரல்வளைக்கு வந்திருந்தால் பாதிப் பிரச்சினை இருந்திருக்காது. ஆனால் அது வேகஸ் என்ற பெரிய நரம்போடு சேர்ந்து கழுத்தைத் தாண்டிக் கீழே போய், பிறகு யூ-டர்ன் அடித்து மேலே ஏறுகிறது. அதனால்தான் அதற்கு 'திரும்பி வரும் குரல்வளை நரம்பு' என்று பெயர். வலது பக்கம் தோள்பட்டைக்குப் போகும் ரத்தக் குழாயைச் சுற்றித் திரும்புகிறது. இடது பக்கமோ நெஞ்சுக்குள்ளேயே இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவைச் சுற்றிவிட்டுத் திரும்புகிறது. இடது நரம்பு வலதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம். பாதை நீளமாக இருந்தால் வழியில் ஆபத்தும் கூடும். இடது பக்க முடக்கமே அதிகம் பார்க்கப்படுவதற்கு அதுதான் காரணம்.

இந்த நரம்பைப் பற்றி மனிதருக்குத் தெரிய வந்த கதை கொஞ்சம் கொடூரமானது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் இருந்த கேலன் என்ற மருத்துவர், கத்திக்கொண்டிருந்த பன்றியின் கழுத்தில் இந்த நரம்பைக் கட்டிக் காட்டினார். பன்றி திமிறிக்கொண்டே இருந்தது, ஆனால் சத்தம் மட்டும் நின்றுவிட்டது. குரலை ஆள்வது இதயம் என்று நம்பிக்கொண்டிருந்த கூட்டத்துக்கு, மூளைதான் நரம்பு வழியாக அதை ஆள்கிறது என்பதற்கு அது சாட்சி ஆயிற்று.

யாருக்கெல்லாம் வருகிறது?

இந்த நரம்பு தைராய்டு சுரப்பியின் பின்புறத்தை உரசிக்கொண்டுதான் மேலே ஏறுகிறது. அதனால் தைராய்டு அறுவை சிகிச்சை ஒரு முக்கியக் காரணம். 2009-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, 27 ஆய்வுகளில் சுமார் 25,000 நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. தைராய்டு அறுவைக்குப் பிறகு தற்காலிக முடக்கம் சராசரியாக 9.8 விழுக்காடு, நிரந்தர முடக்கம் 2.3 விழுக்காடு. அதாவது பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனவர்களிலும் நிறைய பேருக்குத் தானாகச் சரியாகிறது. ஆபரேஷனுக்குப் பயந்து கட்டியை அப்படியே விட்டுவிட இது காரணம் ஆகாது. ஆனால் ஆபரேஷனுக்கு முன்பே "என் குரல் நாண் இப்போ சரியா அசையுதான்னு பார்த்தீங்களா டாக்டர்?" என்று கேட்பது நியாயமான கேள்வி.

இதய அறுவை, நெஞ்சு அறுவை, கழுத்துத் தண்டுவட அறுவை, நீண்ட நாள் தொண்டையில் குழாய் போட்டு மூச்சு கொடுத்தது, பக்கவாதம், வைரஸ் காய்ச்சல் எல்லாமே காரணமாகலாம். சிலருக்குக் காரணமே கண்டுபிடிக்க முடியாது.

கவனிக்க வேண்டிய காரணம் நுரையீரல் புற்றுநோய். இடது நரம்பு நெஞ்சுக்குள் இறங்குகிறது என்றேனே, அங்கே வளரும் கட்டி நரம்பை அழுத்தினால் முதல் அறிகுறி இருமலாகக்கூட இருக்காது. குரல் மாற்றமாக இருக்கும். முப்பது வருஷம் சிகரெட் பிடித்த ஒரு மாமாவுக்குத் திடீரென்று குரல் கம்மினால், அதைத் தொண்டைப் பிரச்சினையாக மட்டும் பார்க்கக் கூடாது.

காசநோயும் நுரையீரலின் மேல் நுனியைச் சுருக்கி நரம்பை இழுத்துவிடலாம். 1897-ல் வியன்னாவில் நோர்பர்ட் ஓர்ட்னர் என்ற மருத்துவர் இன்னொரு காரணத்தை எழுதி வைத்தார்: இதய வால்வு சுருங்கி, இதயத்தின் இடது மேலறை வீங்கி, நரம்பை நசுக்கிக் குரலைப் பறிப்பது. அந்த வால்வு நோய்க்கு அடிப்படை பெரும்பாலும் சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சல். தொண்டை வலிக்குச் சரியான மருந்து கிடைக்காத, ஒரே அறையில் நிறைய பேர் படுத்த வீடுகளில் வளர்ந்த குழந்தைகளை அதிகம் தாக்கும் நோய் அது. லயத்து வீட்டில் வளர்ந்த தாத்தா பாட்டி உள்ளவர்களுக்கு இது எந்த மாதிரி வீடு என்று விளக்கத் தேவையில்லை.

தோட்டத்தோடு தொடர்புடைய இன்னொன்று பூச்சிமருந்து. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லி விஷம் உடலில் ஏறியவர்களுக்கு, சில நாள் கழித்து இரண்டு குரல் நாண்களும் முடங்கி மூச்சு அடைத்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. அபூர்வம்தான். ஆனால் மருந்து அடிக்கும் வேலை செய்தவர்கள் டாக்டரிடம் அந்த வேலையைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது.

குரல் என்பது வேலையும்தான்

பேராக்கில் ரப்பர் தோட்டம் இருந்த காலத்தில் விடியுமுன்பே பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும் மண்டோரின் குரல்தான் அலாரம். நிரைக்கு நிரை, மரத்துக்கு மரம் தள்ளி நின்றபடி பால் வெட்டுகிறவர்கள் ஒருவரை ஒருவர் கூவித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள். தோட்டங்கள் செம்பனையாக மாறி, துண்டாடப்பட்டு, குடும்பங்கள் ஈப்போ தாமான்களுக்கு வந்து சேர்ந்த பிறகும் குரலை வைத்துப் பிழைப்பது நிற்கவில்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியர், பாசார் மாலாமில் கூவி விற்பவர், புந்தோங்கில் கச்சான் பூத்தே கடை வைத்திருப்பவர், கால் சென்டரில் உட்கார்ந்திருக்கும் உங்கள் தங்கை, தைப்பூசத்தில் கல்லுமலைக்கு உறுமி மேளத்தோடு பாடிக்கொண்டே ஏறும் பையன்கள். இவர்களில் யாருக்கும் "கொஞ்ச நாள் பேசாம இரு" என்பது சுலபமான அறிவுரை இல்லை.

பிரபலங்களில் கூகுள் நிறுவனர்களில் ஒருவரான லேரி பேஜ் இதைப் பற்றி வெளிப்படையாகவே எழுதினார். 2013 மே மாதம் அவர் சொன்னது: அதற்கு 14 ஆண்டுகளுக்கு முன் கடும் சளிக்குப் பிறகு இடது குரல் நாண் முடங்கியது; 2012-ல் மறுபடி ஒரு சளி, வலது நாணின் அசைவும் குறைந்தது. பேசுவதே சிரமமானதால் சில நிறுவனக் கூட்டங்களுக்கு வராமல் இருந்தார். பாஸ்டனில் நடக்கும் குரல் நரம்பு ஆராய்ச்சிக்குப் பணமும் கொடுத்தார். உலகப் பணக்காரர் ஒருவருக்கே சரியான காரணம் சொல்ல முடியாத நோய் இது என்பது ஒரு விதத்தில் ஆறுதல்.

தமிழர்களுக்குக் குரல் இழப்பு என்றதும் நினைவுக்கு வருபவர் எம்.ஜி.ஆர். 1967 ஜனவரி 12-ல் எம்.ஆர்.ராதா சுட்ட குண்டு அவர் கழுத்தில் பாய்ந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் பழைய குரல் திரும்பவில்லை. மாறிய குரலோடேயே தொடர்ந்து நடித்தார், அதே குரலோடு 1977-ல் தமிழ்நாட்டு முதலமைச்சரானார். தோட்டத்துத் திடலில் திரை கட்டிப் படம் பார்த்த தலைமுறை அந்தக் குரலுக்கும் கைதட்டியது. துப்பாக்கிக் குண்டும் நாம் பேசும் நரம்பு முடக்கமும் வேறு வேறு சங்கதி என்பது உண்மைதான். ஆனால் பழைய குரல் போன மனிதருக்கு மறுபடி மேடை ஏற எவ்வளவு தைரியம் வேண்டும் என்பதைக் காட்ட அதைவிடப் பெரிய உதாரணம் நம்மிடம் இல்லை.

எவ்வளவு நாள் காத்திருக்கலாம்?

நம் வீடுகளில் குரல் கம்மினால் முதல் தீர்ப்பு "ஒடம்பு சூடு". பனங்கல்கண்டு, மிளகு, துளசி, சுடுதண்ணி. சாதாரணச் சளிக்கு இது ஒன்றும் தப்பில்லை. இரண்டு வாரத்தில் குரல் திரும்பிவிட்டால் சந்தோஷம். பிரச்சினை, திரும்பாதபோதும் கல்கண்டையே தொடர்வதுதான்.

அமெரிக்கக் காது-மூக்கு-தொண்டை மருத்துவர் அமைப்பின் வழிகாட்டி 2009-ல், குரல் கரகரப்பு மூன்று மாதம் நீடித்தால் குரல்வளையை உள்ளே பார்க்க வேண்டும் என்றது. 2018-ல் அதைத் திருத்தி நாலு வாரமாகக் குறைத்தார்கள். தாமதத்தால் நிறைய பேருக்கு நோய் முற்றிப்போனதைப் பார்த்த பிறகு வந்த மாற்றம் அது. ஆபரேஷனுக்குப் பிறகு குரல் போனாலோ, கழுத்தில் கட்டி தெரிந்தாலோ, புகைப்பழக்கம் இருந்தாலோ, மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம் வந்தாலோ அந்த நாலு வாரம்கூட வேண்டாம். மூச்சுச் சத்தத்தோடு திணறலும் இருந்தால் நேரே அவசரப் பிரிவு.

வயதானவர்களுக்கு இன்னோர் ஆபத்து உண்டு. புரையேறுவது சும்மா இருமலோடு போகாமல், குடித்ததும் தின்றதும் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆகலாம். பலமாக இருமவும் முடியாதவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. அதனால் இதை 'குரல் நல்லாயில்லை' என்ற அழகுப் பிரச்சினையாகப் பார்க்கவே கூடாது.

வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். ஆழமாக மூச்சு இழுத்து 'ஆ' என்று ஒரே மூச்சில் சொல்லச் சொல்லுங்கள். நல்ல குரல் பதினைந்து விநாடிக்கு மேலேயே நிற்கும். ஐந்தாறு விநாடியில் காற்று தீர்ந்துவிட்டால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். இதை வைத்து நோயை முடிவு செய்யாதீர்கள். டாக்டரிடம் போக ஒரு காரணமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் என்ன செய்வார்? மூக்கில் மரத்துப்போகும் மருந்தை ஸ்ப்ரே செய்து, நூடல்ஸைவிடக் கொஞ்சம் தடிமனான வளையும் குழாய் ஒன்றை உள்ளே விடுவார். அதன் நுனியில் கேமரா. "ஈ" என்று சொல்லச் சொல்வார், பிறகு மூச்சு இழுக்கச் சொல்வார். எந்தப் பக்கம் அசையவில்லை என்பது திரையில் உங்களுக்கே தெரியும். காரணம் வெளிப்படையாகத் தெரியாவிட்டால் மண்டை ஓட்டின் அடியிலிருந்து நெஞ்சு வரை சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். நரம்பு போகும் பாதை முழுவதையும் பார்க்க வேண்டுமே.

ஊசியில் திரும்பும் குரல்

சிகிச்சையின் தத்துவம் எளிது. முடங்கிய நாணை மறுபடி அசைய வைக்க முடியாவிட்டாலும் அதை நடுவுக்குத் தள்ளி வைக்கலாம். நல்ல பக்கம் வந்து அதில் மோதினால் போதும். இடைவெளி மூடும், குரல் வரும். ஒரு பக்கக் கதவு துருப்பிடித்து நின்றுவிட்டால், அதை மூடிய நிலையிலேயே நிறுத்தி வைத்து மறு கதவை மட்டும் திறந்து மூடுகிற மாதிரி.

இதைச் செய்யும் வழிகளில் உடலுக்கு அதிகச் சிரமம் தராதது ஊசி வழிச் சிகிச்சை. முடங்கிய நாணின் பக்கவாட்டுச் சதைக்குள் ஒரு நிரப்பியை ஊசியால் செலுத்திக் கொழுக்க வைப்பது. தேவைப்படும் அளவு பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்குள்தான்.

பழைய முறையில் இதற்கு முழு மயக்கம் கொடுத்து, வாய் வழியாக உலோகக் குழாய் வைத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் செய்வார்கள். இன்றும் சிலருக்கு அதுதான் சரி. ஆனால் பலருக்கு விழித்த நிலையிலேயே செய்யலாம். நோயாளி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மூக்கு வழியாகக் கேமரா. தொண்டையையும் கழுத்துத் தோலையும் மரத்துப்போகச் செய்துவிட்டு, கழுத்தின் முன்பக்கம் குருத்தெலும்புகளுக்கு இடையே உள்ள சந்து வழியாக மெல்லிய ஊசி உள்ளே போகும். டாக்டர் கையில் ஊசி, கண் திரையில். கொஞ்சம் செலுத்திவிட்டு "பேசுங்க" என்பார். போதாவிட்டால் இன்னும் கொஞ்சம். வெட்டு இல்லை, தையல் இல்லை. மரத்துப்போன தொண்டை பழைய நிலைக்கு வரும் வரை ஒன்றிரண்டு மணி நேரம் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. பெரும்பாலானவர்கள் அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். குரல் முதல் சில நாள் கொஞ்சம் இறுக்கமாக, அமுக்கிப் பேசுகிற மாதிரி இருக்கலாம். வேண்டுமென்றே சற்று அதிகமாக நிரப்புவார்கள். நீர் வடிந்ததும் சரியாகும்.

நாற்காலிச் சிகிச்சைக்கு இன்னொரு லாபம், முழு மயக்கம் தாங்காத உடம்புக்காரர்களுக்கும் செய்யலாம். நுரையீரல் புற்றுநோய் முற்றிய ஒருவருக்கு மிச்சமிருக்கும் மாதங்களில் பேரப்பிள்ளைகளோடு பேசக் குரல் கிடைப்பதற்கு ரிங்கிட்டில் விலை போட முடியாது.

சரி, எதை ஊற்றுகிறார்கள்? இங்கேதான் நூறு வருஷப் பாடம் இருக்கிறது. 1911-ல் ஜெர்மானிய மருத்துவர் வில்ஹெல்ம் புரூனிங்ஸ் பாரஃபின் மெழுகைச் செலுத்தினார். குரல் வந்தது. ஆனால் மெழுகு நகர்ந்து போனது, சுற்றிலும் கட்டி கட்டியது. 1960-களில் டெஃப்லான் பசை வந்தது. ஆமாம், தோசைக்கல்லில் பூசுவார்களே அதேதான். அது உடம்பில் கரையவே கரையாது என்பதால் நல்லது என்று நினைத்தார்கள். சில வருஷம் கழித்து அதைச் சுற்றி அழற்சிக் கட்டிகள் முளைத்து, மூச்சுப் பாதையே சுருங்கியது. வெளியே எடுப்பதும் பெரும்பாடு. கரையாதது என்பதுதான் அதன் குற்றம்.

அதனால் இன்று பெரும்பாலும் கரையக்கூடியதையே விரும்புகிறார்கள். ஜெலட்டின் வகை நாலைந்து வாரம் நிற்கும். கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் இரண்டு மூன்று மாதம். முக அழகுக் கிளினிக்குகளில் நீங்கள் கேள்விப்பட்ட ஹைலூரானிக் அமிலம் சில மாதங்கள். கால்சியம் ஹைட்ராக்சிஅப்படைட் ஒரு வருஷத்துக்கு மேலேயும் தாங்கலாம். நோயாளியின் வயிற்றுக் கொழுப்பையே எடுத்துச் செலுத்துவதும் உண்டு. அதில் ஒரு பங்கு கரைந்துவிடும், மீதி தங்கும்.

கரைகிற பொருளை ஏன் போட வேண்டும், காசு வீண்தானே என்று தோன்றலாம். காரணம் நரம்பு. துண்டாகாமல் அடிபட்ட நரம்பு மெதுவாக, நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில் வளர்ந்து வரலாம். ஆறு மாதம், சில சமயம் ஒரு வருஷம்கூட ஆகும். அதுவரை குரலும் விழுங்குதலும் தவிக்காமல் இருக்கத் தற்காலிக முட்டு. நரம்பு திரும்பினால் பொருள் கரைந்து போயிருக்கும், நாண் வழக்கம்போல வேலை செய்யும். இன்னொன்றும் கவனிக்கப்பட்டிருக்கிறது: முடக்கம் வந்த சில மாதங்களுக்குள்ளேயே ஊசி போட்டுக்கொண்டவர்களில், பிற்பாடு நிரந்தர அறுவைக்குப் போக வேண்டி வந்தவர்கள் குறைவு என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. நாணை ஆரம்பத்திலேயே நல்ல இடத்தில் வைத்தால், வரும் நரம்பிழைகள் அதை அந்த இடத்திலேயே பிடித்து வைக்கின்றன என்பது ஒரு விளக்கம். மூன்று மாதம் கல்கண்டு சாப்பிட்டுக் காத்திருந்தவர் இழப்பது இந்த வாய்ப்பைத்தான்.

ஒரு நடைமுறைக் குறிப்பு. சில ஜெலட்டின் பொருள்கள் பன்றித் தோலிலிருந்தும், சில கொலாஜன்கள் மாட்டிலிருந்தும் எடுக்கப்படுகின்றன. சைவமாக இருக்கும் வீட்டினருக்கும் முஸ்லிம் நண்பர்களுக்கும் இது முக்கியமாகப் படலாம். எந்தப் பொருள், எதிலிருந்து வந்தது என்று முன்கூட்டியே கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, மாற்றும் உண்டு. ரத்தத்தை நீர்த்துப்போகச் செய்யும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் மறக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஆபத்தே இல்லையா? இருக்கிறது. அபூர்வமாகக் குரல்வளை வீங்கி மூச்சு அடைக்கலாம். அதனால்தான் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு அனுப்புகிறார்கள். பொருள் நாணின் மேல்தோலுக்கு மிக அருகில் போய்விட்டால் அது விறைத்து, குரல் முன்பைவிட மோசமாகலாம்.

ஜன்னல் வைத்துப் பேச வைப்பது

நரம்பு திரும்பாது என்று தெரிந்த பிறகு நிரந்தர வழி தைராய்டு பிளாஸ்டி. பெயரில் தைராய்டு இருந்தாலும் சுரப்பிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தைராய்டு குருத்தெலும்பில் செய்வதால் அந்தப் பெயர். 1974-ல் கியோட்டோவின் நோபுஹிகோ இஷ்ஷிகி இதை வகைப்படுத்தி எழுதினார். கழுத்தில் சில சென்டிமீட்டர் வெட்டு, குருத்தெலும்பில் விரல் நகம் அளவுக்கு ஒரு ஜன்னல், அதன் வழியாக ஓர் ஆப்பைச் சொருகி நாணை நடுவுக்குத் தள்ளுவது. ஆப்பு சிலிக்கான் ரப்பரில் இருக்கலாம், அதாவது நம் தோட்டத்து மரத்து ரப்பர் இல்லை. கோர்-டெக்ஸ் என்ற பொருளும் பயன்படுகிறது, மழைக்கோட்டு செய்யும் அதே குடும்பம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், நோயாளி விழித்திருப்பார். லேசான மயக்க மருந்தோடு, மேஜையில் படுத்தபடியே, டாக்டர் கேட்கும்போது பேச வேண்டும். ஆப்பை இன்னும் அரை மில்லிமீட்டர் உள்ளே தள்ளலாமா வேண்டாமா என்பதை நோயாளியின் குரலே முடிவு செய்கிறது. வானொலியில் ஸ்டேஷன் பிடிக்கிற மாதிரி. ஒன்று, இரண்டு, மூன்று என்று தமிழில் எண்ணினாலும் சரிதான். பழகிய மொழியில் பேசினால்தான் "இதுதான் என் குரல்" என்று அவருக்கே தெரியும். நாண்களின் பின்பக்கம் பெரிய இடைவெளி இருந்தால் ஆப்பு மட்டும் போதாது. பின்னாலுள்ள சிறு குருத்தெலும்பைத் தையலால் இழுத்துக் கட்டும் சிகிச்சையும் சேரும்.

மூன்றாவது வழி, நரம்பையே மாற்றி இணைப்பது. கழுத்துத் தசைக்குப் போகும் ஒரு நரம்பை எடுத்துக் குரல்வளை நரம்போடு தைத்துவிடுவார்கள். நாண் அசையத் தொடங்காது, ஆனால் சதை சுருங்காமல் உயிரோடு, பலத்தோடு இருக்கும். பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும், அதனால் இளையவர்களுக்கு அதிகம் பொருந்தும். இந்த முறையையும் தைராய்டு பிளாஸ்டியையும் ஒப்பிட்டு மலேசியத் தேசியப் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். ஆக, இது வெளிநாட்டில் மட்டும் நடக்கும் அதிசயம் இல்லை.

இரண்டு பக்கமும் முடங்கினால்

இது வேறு நோய் என்றே சொல்லலாம். இரண்டு நாண்களும் நடுவிலேயே நின்றுவிட்டால் குரல் ஓரளவு நன்றாகவே இருக்கும், மூச்சுதான் போகாது. கேட்பவர் "பேச்சு நல்லாத்தானே இருக்கு" என்று ஏமாந்துவிடுவார். முன்பெல்லாம் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பதே முடிவான வழி. இன்றும் அவசரத்தில் உயிர் காப்பது அதுதான்.

1989-ல் டென்னிஸ், கஷிமா என்ற இரு மருத்துவர்கள் வாய் வழியாகவே லேசர் கதிரால் ஒரு நாணின் பின்பகுதியை வெட்டி வழி திறக்கும் முறையை வெளியிட்டார்கள். வெளியே தழும்பே இருக்காது, பலருக்குக் கழுத்துக் குழாயை எடுத்துவிட முடிகிறது. அதில் பயன்படும் கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் குமார் படேல், மகாராஷ்டிராவின் பாராமதியில் பிறந்தவர். இந்தச் சிகிச்சையில் ஒரு பேரம் இருக்கிறது: வழியை எவ்வளவு அகலமாகத் திறக்கிறோமோ அவ்வளவு குரல் குறையும். மூச்சா குரலா என்பதை நோயாளியும் டாக்டரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

பேராக்கில் எங்கே தொடங்குவது?

அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில். அங்கிருந்து ரெஃபரல் கடிதம் வாங்கிக்கொண்டு, ஈப்போவில் உள்ள ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் காது-மூக்கு-தொண்டைப் பிரிவுக்குப் போகலாம். சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா பக்கம் இருப்பவர்களுக்கும் அதுதான் பெரிய அரசு மருத்துவமனை. மலேசியக் குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட், நிபுணர் கிளினிக்கில் ஐந்து ரிங்கிட் என்பது வழக்கமான கட்டணம். ஆனால் ஊசிக்கான நிரப்பிக்கோ ஆப்புக்கோ தனியாகப் பணம் கட்ட வேண்டுமா என்பதைத் தேதி குறிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். குரல் சிறப்புச் சிகிச்சைக்குக் கோலாலம்பூர் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு அனுப்பினால், ஈப்போவிலிருந்து இ.டி.எஸ். ரயிலில் இரண்டரை மணி நேரம் மாதிரி.

கிளினிக்குக்குப் போகும்போது குரல் மாறுவதற்கு முன் எடுத்த வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் ஒன்றைப் போனில் வைத்திருங்கள். எதை நோக்கித் திரும்ப வேண்டும் என்று டாக்டருக்கும் பேச்சுப் பயிற்சியாளருக்கும் அது காட்டும். ஆபரேஷன் செய்திருந்தால் அதன் தேதி, மருத்துவமனைக் கடிதம், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாம் கையில் இருக்கட்டும். பேசச் சிரமப்படுபவரோடு இன்னொருவரும் போவது நல்லது. மூச்சு வாங்கிக்கொண்டே கதையைச் சொல்வதற்குள் பாதியை விட்டுவிடுவார்கள்.

பேச்சுப் பயிற்சியைத் தள்ளிவிட வேண்டாம். இடைவெளி சின்னதாக இருந்தால் சிலருக்குப் பயிற்சி மட்டுமே போதுமானதாக இருக்கிறது. ஊசியோ ஆப்போ போட்டவர்களுக்கும், மாதக்கணக்கில் கழுத்தை முறுக்கிப் பேசிப் பழகிய பழக்கத்தை விட அது தேவைப்படும். விழுங்கும் உத்தியையும் அங்கேதான் சொல்லித் தருவார்கள். முகவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, சின்னச் சின்ன மடக்காகக் குடிப்பது, தேவைப்பட்டால் தண்ணீரையே கொஞ்சம் கெட்டியாக்கிக் குடிப்பது மாதிரி. எது யாருக்குப் பொருந்தும் என்பதை அவர்கள் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பயிற்சி மலாயிலோ ஆங்கிலத்திலோ நடந்தாலும், வீட்டில் பாட்டியிடம் தமிழில் செய்து காட்ட ஒருவர் உடன் போய்க் கேட்டுக்கொண்டால் போதும். பெரும்பாலும் அந்த ஒருவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.